இறுகிப்போன படகு ஸ்டியரிங்: கிரீஸா, புது கேபிளா, ஹைட்ராலிக்கா, கைப்பிடியா?

"வீலைத் திருப்ப ரெண்டு கையும் வேணும்ணே. மெக்கானிக் ஹைட்ராலிக் போட்டுடச் சொல்றாரு. போட்டுடவா?"

தை, மாசி வந்தால் இந்த மாதிரிப் போன் அடிக்கடி வருகிறது. பழையாற்றிலிருந்து ஒருவர், அதிராம்பட்டினத்திலிருந்து ஒருவர், போன வாரம் அணைக்கரையிலிருந்து ஒருவர். ஒருவருக்குக் கிரீஸ் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவருக்கு கேபிளை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவருக்கு ஹைட்ராலிக், அதாவது கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் எஞ்சினைத் திருப்புவது. இதற்கு மேல் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களின் யோசனை ஒன்று எப்போதும் உண்டு: "அந்த வீலைக் கழட்டிக் கடாசிட்டுக் கைப்பிடி போடுடா தம்பி." நாலுமே ஏதோ ஒரு படகுக்குச் சரியான பதில்தான். உங்கள் படகுக்கு எது என்பதுதான் பார்க்க வேண்டியது.

நான் மெக்கானிக் இல்லை. முத்துப்பேட்டை லகூனில் பத்துப் பேர் உட்காரும் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன், 40 எச்.பி. அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்), கேபிள் ஸ்டியரிங். நாலு வழியில் மூன்றை என் கைக்காசில் பார்த்தாயிற்று. ஹைட்ராலிக்கை மட்டும் கூட்டாளி படகில் ஓட்டியிருக்கிறேன், காற்று எடுக்கும் வேலையில் கூட நின்றிருக்கிறேன். டெல்டாக் கரையில் மீன்பிடி ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு வீலே கிடையாது, பின்னால் உட்கார்ந்து எஞ்சினோடு சேர்ந்த கைப்பிடியைக் கையால் திருப்புவதுதான். ஆகவே இது வீல் வைத்தவர்களுக்கு: சுற்றுலாப் படகு, ரோந்துப் படகு, பண்ணைக்கு ஆள் ஏற்றும் படகு.

## எதை வைத்து எடை போடுவது

இறுக்கம் எங்கே இருக்கிறது. இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். வீல் கனக்கிறது என்றால் குற்றவாளி நாலு இடத்தில் இருக்கலாம்: வீலுக்குப் பின்னால் இருக்கும் பல்சக்கரப் பெட்டி, கேபிள், கேபிளின் எஃகுத் தண்டு நுழைந்து போகும் குழாய், எஞ்சின் இடம் வலமாகத் திரும்பும் அச்சு. அந்தக் குழாயை டில்ட் டியூப் என்பார்கள். எஞ்சினைத் தூக்கி இறக்குவதும் அதன் மேல்தான்.

கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். எஞ்சினை அணைத்து நேராக நிறுத்துங்கள். கேபிள் தண்டையும் எஞ்சினையும் இணைக்கும் லிங்க் ராடை எஞ்சின் பக்கம் கழற்றுங்கள். இப்போது எஞ்சினைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். கனமாக வந்தால் கோளாறு அச்சில். லேசாக வந்தால் எஞ்சின் நிரபராதி, அடுத்து வீலைத் திருப்பிப் பாருங்கள். அது இன்னும் கனக்கிறதா? குழாய் முனையில் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றித் தண்டை வெளியே உருவுங்கள். தண்டு அந்தரத்தில் இருக்கும்போது வீல் சுலபமாகச் சுற்றினால் குழாய்க்குள்தான் துரு. அப்போதும் கனத்தால் கேபிள், அல்லது அபூர்வமாக முன்னால் இருக்கும் பெட்டி. உருவவே வரவில்லை என்றால் அதுவே பதில்.

ஒரு விதிவிலக்கு. கரையில் லேசாக இருந்து, வேகமாக ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால், நீங்கள் கிரீஸ் டப்பாவைத் தொடவே வேண்டாம். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டின் அடியில் சின்ன மீன் துடுப்பு மாதிரி ஒன்று தொங்கும். படகு வலது பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை வலது பக்கமே கொஞ்சம் திருப்ப வேண்டும், இடது பக்கம் இழுத்தால் இடது. ஒரே ஒரு போல்ட், செலவு பூஜ்யம். அது பெரும்பாலும் எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகமாகவும் இருக்கும் என்பதால் அதற்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்.

தண்ணீர். அணைக்கரையில் நன்னீரில் ஓடும் படகும் முத்துப்பேட்டையில் ஓடும் படகும் ஒரே ஜாதி இல்லை. எங்கள் லகூனில் கோடையில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகிவிடும். இதில் சேறு வேறு. ஆழம் இல்லாத இடத்தில் எஞ்சினைத் தூக்கித் தூக்கி ஓட்டுகிறோம், களிமண் தெறித்துத் தண்டில் ஒட்டிக் காய்கிறது. அடுத்த முறை வீலைத் திருப்பும்போது அது குழாய்க்குள் போய் உப்புத்தாள் வேலை பார்க்கிறது.

குதிரைத்திறன், எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், எத்தனை பேர் உயிர்.

இங்கே யார் சரிசெய்வார். நாகப்பட்டினத்தில் எஞ்சினைப் பிரித்துக் கோக்க ஆள் உண்டு. ஆனால் ஒரு சின்ன ரப்பர் சீலுக்குச் சென்னையையோ கொச்சியையோ பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். படகு கரையில் நிற்கும் நாளின் வருமானத்தையும் கணக்கில் சேருங்கள். பில்லில் அது வராது, வீட்டில் வரும்.

கெட்டால் எப்படிக் கெடும். சொல்லிவிட்டுக் கெடுவதா, கொள்ளிட முகத்துவாரத்தில் அலைக்கு நடுவில் திடீரென்று கைவிடுவதா.

## கிரீஸும் சுத்தமும்

இறுக்கம் குழாயிலோ அச்சிலோ இருந்தால் இதுதான் முதல் வழி. செலவு ஒரு டப்பா மெரைன் கிரீஸ், ஒரு கிரீஸ் கன், ஒரு நாள். டிராக்டருக்கு அடிக்கும் சாதாரண கிரீஸ் வேண்டாம், உப்புத் தண்ணீரில் நிற்காது. தண்ணீர் தாங்கும் மெரைன் கிரீஸ், கால்சியம் சல்ஃபோனேட் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

போன தடவை நான் தண்டை உருவியபோது முதலில் வந்தது கிரீஸே இல்லை. பழைய புளி மாதிரி, கறுப்பாக, நகத்தால் சுரண்டினால் தூளாகிற ஒன்று. அதற்கு அடியில் குழாய்ச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் துரு. உருவுவதற்கே ஒன்றரை நாள். இரண்டு முனையிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் தண்டின் முனையில் ஒரு தேக்குத் துண்டை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தேன். இரும்புச் சுத்தியலால் நேரே அடித்தால் முனை காளான் மாதிரி விரிந்துவிடும், அப்புறம் அது குழாய் வழியாக எந்த ஜென்மத்திலும் வராது. சிலர் கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டுவார்கள். பெட்ரோல் டேங்க் ஒரு முழம் தள்ளி இருக்கும் இடத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

தண்டு வெளியே வந்த பிறகு ஒரு மூங்கில் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டுச் சுற்றினேன். தண்டின் தடிமன் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு, 16 மில்லிமீட்டர் சுமார். குழாயும் அதற்குச் சரியாகத்தான் இருக்கும், ஆகவே மெல்லிய துருப்படலம்கூட வீலில் தெரியும். துணியில் வெள்ளையாக வரும் வரை துடைத்து, புது கிரீஸ் பூசி மாட்டினேன்.

இதில் ஒரே ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. குழாயில் நிப்பிள் (கிரீஸ் கன்னை வைத்து அடிக்கும் சின்ன வாய்) வழியாகக் கிரீஸ் அடிப்பதானால், தண்டு முழுதாகக் குழாய்க்குள் போயிருக்கும்போது மட்டும் அடியுங்கள். தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது அடித்தால் உள்ளே இருக்கும் காலி இடத்தைக் கிரீஸ் நிரப்பிவிடும். திரும்பி வரும் தண்டுக்குப் போக இடம் இருக்காது. ஸ்டியரிங் பாதியில் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் கம்பெனிப் புத்தகங்களிலேயே இதை எச்சரிக்கையாகப் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

அச்சில் இறுக்கம் என்றால் அதற்குத் தனி நிப்பிள். கிரீஸ் உள்ளே இறங்காமல் கன்னின் வாயிலேயே பிதுங்கினால் நிப்பிள் அடைத்திருக்கிறது. கழற்றிக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், ரொம்பக் கெட்டிருந்தால் புது நிப்பிள். அடிக்க அடிக்க எஞ்சினை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய கிரீஸ் மேலும் கீழும் பிதுங்கி வெளியே வந்து, அதன் பின்னால் புதியதன் நிறம் தெரியும்போது நிறுத்தலாம்.

மறைமுகச் செலவு என்றால் இரண்டு. கழற்றிய நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்டு) மறுபடி போடக் கூடாது, புதிதாக வாங்க வேண்டும். லிங்க் ராடின் நட்டு கழன்றால் ஸ்டியரிங்கே இல்லை என்று அர்த்தம். இரண்டாவது, இந்த வேலை திரும்பத் திரும்ப வரும். உப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ், வருடத்துக்கு ஒருமுறை உருவிச் சுத்தம். சோம்பேறிக்கு ஆகாது.

மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவதும் இங்கே சகஜம். ஒரு வாரம் நன்றாக இருக்கும். மண்ணெண்ணெய் இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும், கழிவு ஆயில் சேற்றைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

## புது கேபிள்

கேபிளின் உள்ளே இறுக்கம் என்றால் இதற்கு மருந்து இல்லை, மாற்றம்தான். உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி ஆயுளுக்கும் சேர்த்து உயவு பூசி மூடப்பட்டது. உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்துவிட்டால் வெளியிலிருந்து எதுவும் செய்ய முடியாது. உறை எங்காவது புடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, முனையில் துருக்கறை கசிகிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் யோசிக்காமல் மாற்றுங்கள். கேபிளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆயில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முக்கியமான நாளாகப் பார்த்துத்தான் மறுபடி இறுகும்.

நான் கோட்டை விட்டது நீளத்தில். பழையது 14 அடி. கடையில் 13 அடிதான் இருந்தது, "இழுத்தா வந்துடும் சார்" என்றார்கள், நானும் சீசன் நடுவில் அவசரத்தில் வாங்கிவிட்டேன். வந்தது, பின்னால் திரும்பும் இடத்தில் முழங்கை மாதிரி மடங்கிக்கொண்டு வந்தது. வளைவின் ஆரம் எட்டு அங்குலத்துக்குக் குறைந்தால் உள்ளே கம்பி உறையை உரசிக்கொண்டே இருக்கும். ஒரே வருடத்தில் பழையதை விட மோசம். இரண்டு கேபிளுக்குக் காசு கொடுத்து ஒரு கேபிள் வாங்கினேன்.

பழைய கேபிளின் உறையிலேயே எண் அச்சிட்டிருக்கும். டெலிஃப்ளெக்ஸ் வகைக் கேபிள்களில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் அடிக்கணக்கு: 6214 என்று முடிந்தால் 14 அடி. அழிந்து போயிருந்தால் அளந்து, இடையில் விழுந்தால் மேல் அடிக்குப் போங்கள், கீழே வராதீர்கள். பழையதை உருவுவதற்கு முன் அதன் வாலில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிடுங்கள். படகின் பக்கவாட்டுக்குள் கயிறு தங்கிவிடும், புதியதை அதில் கட்டி இழுத்துவிடலாம். இதைச் செய்யாமல் அரை நாள் கையை விட்டுத் துழாவிய அனுபவமும் எனக்கு உண்டு.

இன்னொரு செலவு: கேபிளும் முன்னால் இருக்கும் பெட்டியும் ஜோடி. பெட்டி பழைய மாடலாக இருந்து அதற்குக் கேபிள் வருவது நின்றிருந்தால் முழு செட்டாக வாங்க வேண்டும். அப்படி வாங்குவதானால் எஞ்சினின் இழுப்பு வீலுக்கு வராமல் தடுக்கும் வகைப் பெட்டியைக் கேளுங்கள். கொஞ்சம்தான் கூடுதல், நாள் முழுக்க ஓட்டுகிறவரின் தோள் வாழ்த்தும்.

என் கணக்கில் உப்புத் தண்ணீர்ப் படகுக்குக் கேபிள் என்பது வலை மாதிரி, தேயும் பொருள். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும் என்று மனதில் எழுதிக்கொண்டால் கோபம் வராது.

## ஹைட்ராலிக்

ஓட்டிப் பார்த்தால் ஆசை வரும், மறுக்கவில்லை. ஒரு விரலால் திருப்பலாம், கையை விட்டாலும் வைத்த இடத்தில் நிற்கும். விலை? வெறும் கேபிளோடு ஒப்பிட்டால் பல மடங்கு, கேபிளும் பெட்டியும் சேர்ந்த முழு செட்டோடு ஒப்பிட்டாலும் இரண்டு மடங்குக்குக் குறையாது.

ஆனால் கடையில் சொல்லாத ஒன்று உண்டு. அவுட்போர்டின் முன்பக்கம் மாட்டும் ஹைட்ராலிக் சிலிண்டரைத் தாங்கும் தண்டும் அதே டில்ட் டியூப் வழியாகத்தான் போகிறது. ஆகவே துருப்பிடித்த குழாயைச் சுத்தம் செய்யும் வேலையிலிருந்து பணம் உங்களைக் காப்பாற்றாது. அச்சில் இறுக்கம் இருந்தால் அதையும் அது சரிசெய்யாது, மறைக்கும். உங்கள் கைக்குத் தெரிந்த கனம் இப்போது சீலுக்குத் தெரியும், சீல் சொல்லாமல் தேயும். கூட்டாளி படகில் நடந்தது அதுதான். அச்சில் கிரீஸே இல்லாமல் ஹைட்ராலிக் மாட்டினார், இரண்டாம் வருடம் சிலிண்டரில் கசிவு. சீல் வர ஒன்பது நாள் படகு நின்றது.

எண்ணெய் குறைந்தால் காற்று புகுந்து வீல் பஞ்சு மாதிரி ஆகும். காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் வீலில், ஒருவர் பின்னால். ஊற்ற வேண்டியது அதற்கென்று உள்ள எண்ணெய் மட்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் போச்சு. நல்ல பக்கமும் சொல்ல வேண்டும்: கசிவு முதலில் கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடுகிறது.

75 எச்.பி.க்கு மேல், தினமும் பல மணி நேரம், கடல் வாய் தாண்டிப் போகிற படகு என்றால் நான் ஹைட்ராலிக்கைத்தான் சொல்வேன். 40-க்கு அது மாட்டுவண்டிக்குப் பவர் ஸ்டியரிங்.

## கைப்பிடி

பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கேபிள் இல்லை, பெட்டி இல்லை, கெடுவதற்கே ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று பேர் போகிற சின்னப் படகு, 25 எச்.பி.க்குள் என்றால் இதுவே போதும்.

வீல் வைத்த எஞ்சினை மாற்றுவதுதான் சங்கடம். கைப்பிடி உங்கள் எஞ்சின் மாடலுக்கே உரியதாக இருக்க வேண்டும். கியர், ஆக்சிலரேட்டர், சாவி, வயரிங் எல்லாம் பின்னால் நகர வேண்டும். ஓட்டுகிறவர் பின்னால் போனால் படகின் மூக்கு தூக்கும், முன்னால் பத்துத் தலை மறைக்கும். அலையாத்திக் கால்வாயில் எதிரே வரும் வத்தைப் படகைக் கடைசி நிமிடத்தில்தான் பார்ப்பீர்கள். பழைய படகில் மூன்று வருடம் கைப்பிடியில் ஓட்டியவன் சொல்கிறேன், ஆள் ஏற்றுகிற படகுக்கு வேண்டாம். அப்புறம், அச்சு இறுகியிருந்தால் கைப்பிடியும் இறுகும்.

## ஒரே பார்வையில்

| | கிரீஸ், சுத்தம் | புது கேபிள் | ஹைட்ராலிக் | கைப்பிடி |
|---|---|---|---|---|
| எந்த இறுக்கத்துக்கு | குழாய், அச்சு | கேபிள், பெட்டி | கனமான எஞ்சினின் இழுப்பு | குழாய், கேபிள், பெட்டி மூன்றையும் ஒதுக்கிவிடும் |
| செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | எஞ்சின் மாடலைப் பொறுத்தது |
| படகு நிற்கும் நாள் | 1 முதல் 2 | அரை நாள், கேபிள் கையில் இருந்தால் | 2, சீல் போனால் வாரக்கணக்கு | 1 முதல் 2 |
| கரையிலேயே சரிசெய்ய முடியுமா | முடியும் | முடியும் | பாகம் வெளியூரிலிருந்து | முடியும் |
| பொருந்தும் படகு | எல்லாமே, முதலில் | 25 முதல் 60 எச்.பி. | 75-க்கு மேல் | 25-க்குள், ஆள் ஏற்றாதது |

வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்பதும் ஒரு முடிவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் மொத்தமும் கரையேறி நிற்கும், நல்ல மெக்கானிக் ஒருவரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். மாசி, பங்குனியிலேயே முடித்துவிடுங்கள்.

சரி, போன் செய்த மூன்று பேர். பழையாற்றுக்காரருக்குக் கேபிள் உறை இரண்டு இடத்தில் புடைத்திருந்தது, மாற்றச் சொன்னேன். அதிராம்பட்டினத்துக்காரர் வைத்திருப்பது 90 எச்.பி., கடலுக்குள் போகிறவர். ஹைட்ராலிக் போடுங்கள், ஆனால் அதற்கு முந்தின நாள் அச்சுக்குக் கிரீஸ் அடித்துவிட்டுப் போடுங்கள் என்றேன். ஹைட்ராலிக் போடவா என்று முதலில் கேட்டது அணைக்கரைக்காரர். லிங்க் ராடைக் கழற்றி எஞ்சினை ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து, "அண்ணே, எஞ்சினே அசையல, நிப்பிள் எங்க இருக்குன்னே தெரியல, மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றார். சுரண்டிக் கண்டுபிடித்து, அரை டப்பா கிரீஸ் உள்ளே போனதாம். இப்போது ஒரு கையால் திருப்புகிறார். படகைக் கட்டும்போது தண்டு குழாய்க்குள் போகிற பக்கம் வீலை முழுதாகத் திருப்பிவிட்டு, அதற்கு முன் தண்டைத் துணியால் துடைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.